இற்றுப்போன டெக்கும் தொல்காப்பியரும்

தமிழ்நாட்டில் வீடு கட்டியவர்கள் திண்ணையை வாசலில் வைத்தார்கள். வெயிலில் நடந்து வரும் வழிப்போக்கன் யாராக இருந்தாலும் உட்கார்ந்து களைப்பாறட்டும் என்பது நோக்கம். வட அமெரிக்காவில் வீடு கட்டியவர்கள் அதே திண்ணையைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய், மரத்தால் செய்து, மூன்று பக்கமும் கைப்பிடி அடைத்து, ‘டெக்’ என்று பெயர் வைத்தார்கள். வழிப்போக்கன் யாராக இருந்தாலும் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பது நோக்கம். டொராண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கத்திலோ, நியூஜெர்சியின் எடிசனிலோ வீடு வாங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, முப்பது வருடக் கடனோடு சேர்ந்து இந்த டெக்கும் வந்து சேர்கிறது. வருடத்தில் நாலு மாதம் நாம் அதில் உட்காரலாம். மிச்ச எட்டு மாதமும் மழையும் இலையும் பனியும் முறை வைத்து உட்காரும். இப்படியே இருபது வருடம் ஓடியபின், ஏதோ ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்கு வந்த யாராவது ஒரு சித்தப்பாவின் கால் பலகைக்குள் இறங்கும். சித்தப்பாவுக்குத் தைலம் தடவிய கையோடு குடும்பமே கடைக்குக் கிளம்பும். கடையில் நாற்பது மாதிரிப் பலகைகள் வரிசையாக மாட்டியிருக்கும், எல்லோரும் ஒரே குரலில் “எந்தப் பலகை போடலாம்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. டெக்கின் ஆயுள் மேலே தெரிகிற பலகையில் இல்லை. குனிந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் மேல் தண்ணீர் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில் இருக்கிறது.

மரம் ஏன் மக்குகிறது? தண்ணீர் பட்டதால் என்பார்கள். வெறும் தண்ணீர் பட்டால் மரம் மக்காது. வெனிஸ் நகரத்து மாளிகைகளைத் தாங்கும் மரக்கழிகள் பல நூற்றாண்டுகளாகத் தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் கிடந்தபடியே இன்னும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மரத்தைத் தின்பது பூஞ்சை. சேற்றுக்கடியில் அதற்கு மூச்சு விடக் காற்று போதாது. காற்று, மிதமான சூடு, ஈரம், சாப்பிட மரம் என்ற நாலும் ஒரே இடத்தில் அமைந்தால்தான் பூஞ்சை குடிவரும். வாடகை வீடு தேடுகிற குடும்பத்துக்குக்கூட இதைவிட நிபந்தனை அதிகம். காற்றை நம்மால் நிறுத்த முடியாது. சூட்டை நிறுத்த கனடாவின் ஜனவரியால் முடியும், ஆனால் அது ஏப்ரலில் விட்டுவிடும். மரத்தை எடுத்துவிட்டால் டெக்கே இல்லை. ஆக, நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். உலர்ந்த மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையின் பருப்பு வேகாது. 30 சதவீதத்தைத் தொட்டால் இலை போட்டுப் பந்தி ஆரம்பமாகிவிடும். இதற்கு ஆங்கிலத்தில் ‘டிரை ராட்’, அதாவது உலர் மக்கல், என்று ஒரு பெயர் உண்டு. சாப்பிட்டுவிட்டுப் போன இலை காய்ந்து கிடப்பதைப் பார்த்து, விருந்தே உலர் விருந்து என்று முடிவு கட்டியவர் வைத்த பெயர். மரத்தைப் பழுப்பாக்கும் இந்த மக்கலில் இன்னொரு வஞ்சகம் இருக்கிறது. பூஞ்சை முதலில் மரத்தின் நாரை, அதாவது செல்லுலோஸை, உருவித் தின்கிறது. மரத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் வலுவில் பாதிக்கு மேல் போய்விடும். வெளியே பார்த்தால் கட்டை கட்டையாகவே இருக்கும், உள்ளே சத்தில்லை.

இனி, ஈரம் எங்கே தங்குகிறது என்று பார்க்கலாம். வெட்டவெளியில் கிடக்கும் பலகையின் முதுகில் பெய்த மழை, அடுத்த வெயிலில் காய்ந்துவிடும். பலகையும் சட்டமும் முட்டுகிற இடத்தில் புகுந்த தண்ணீர் காயாது. திருகாணி இறங்கிய துளையில் புகுந்தது காயாது. இரண்டு பலகையின் நுனிகள் முட்டுகிற இடத்தில் சேர்ந்தது காயவே காயாது. காரணம், மரம் என்பது உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்க்கட்டு. பக்கவாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் அதே பலகை, அறுத்த நுனியில் உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கும். செத்தும் பழைய உத்தியோகத்தை விடவில்லை. மண்ணில் நட்ட தூணின் கதையும் இதேதான்: மேலே ஈரம் குறைவு, ஆழத்தில் காற்று குறைவு, மண்ணைத் தொடுகிற அந்த ஒரு சாண் உயரத்தில் இரண்டும் தாராளம். அதனால் தூண் கணுக்காலில் இற்றுப்போகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சித்தப்பாவின் கால் எங்கே இறங்கியிருக்கும் என்பதை அவரைக் கேட்காமலே சொல்லிவிடலாம். பலகையின் நட்டநடுவில் இறங்கியிருக்க வாய்ப்பு குறைவு. சட்டத்தை ஒட்டி, ஆணி வரிசையை ஒட்டித்தான் இறங்கியிருக்கும். பலகை மக்கியது என்றால் அதன் கீழிருக்கும் சட்டத்தின் மேல்விளிம்பும் சேர்ந்து மக்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் குடும்பம் பலகையின் நிறத்தைப் பற்றி மூன்று வாரம் விவாதிக்கிறது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரத்தில் மூன்று நாள் தங்கி, மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க மூன்றே மூன்று போன் போடுகிற வழக்கத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“அந்தக் காலத்து மரம் இப்படியா இருந்தது?” என்று ஒரு பெரியவர் கேட்பார். இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதற்குத் தொல்காப்பியரே சாட்சி. மரபியலில் அவர் செடிகொடிகளை இரண்டாகப் பிரிக்கிறார். உள்ளே வைரம் பாய்ந்தது மரம். வெளியே வைரம் கொண்டது புல். அந்தக் கணக்கில் தேக்கும் வேம்பும் மரம், பனையும் மூங்கிலும் புல். மக்காத மரம் என்று நாம் போற்றுகிற எதுவும் அந்த உள்வைரத்தால்தான் மக்காமல் நிற்கிறது. அமெரிக்காவில் டெக்குக்குப் பேர்போன சீடரும் ரெட்வுட்டும்கூட அப்படித்தான்: வைரத்தில் இருக்கும் இயற்கை நஞ்சு பூஞ்சையை விரட்டும், வெளிவளையத்து வெளிறிய பகுதிக்கு, எந்தச் சாதி மரமானாலும், அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பல நூறு வருடம் நின்ற மரத்தை வெட்டியபோது பலகை முழுக்க வைரமாகக் கிடைத்தது. இன்று அவசரமாக வளர்த்து அவசரமாக வெட்டும் மரத்தில் வெளிறு அதிகம். சீடர் என்ற பெயருக்காகக் காசு கொடுத்துவிட்டு, பலகையின் ஓரத்தில் பால் நிறத்தில் ஓடும் வெளிறைக் கவனிக்காமல் வாங்கிவந்தால், வாங்கியது பெயரைத்தான்.

வெளிறை வைத்துப் பிழைக்க வேண்டும் என்றானதும் மனிதன் நஞ்சை வெளியிலிருந்து ஏற்றக் கற்றுக்கொண்டான். மரத்தை ஒரு நீண்ட உருளைத் தொட்டிக்குள் தள்ளி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்துக் கரைசலை அழுத்தம் கொடுத்து ஏற்றுகிறார்கள். கடையில் பச்சை சாயலோடு அடுக்கியிருக்கும் ‘பிரஷர் ட்ரீட்டட்’ மரம் இதுதான். வாங்கிப் போட்ட சில வருடத்தில் மரத்தின் பிரஷர் வீட்டுக்காரருக்கு மாறிவிடுவது தனிக்கதை. இந்த வித்தையில் நம் பக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்கு ஏற்றும் முறையை 1933-ல் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசம். வேலை பார்த்தது டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில். ஆர்சனிக்குக்கும் செம்புக்குமான வேதியியல் குறிகளைச் சேர்த்து அதற்கு ‘ஆஸ்கு’ என்று பெயர். 1938-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் மாட்டிறைச்சி வாட்டியவர்களில் பலரும் டேராடூன் கண்டுபிடிப்பின் மேல் நின்றுதான் வாட்டினார்கள். நஞ்சு என்றால் பூஞ்சைக்கு மட்டும் நஞ்சு இல்லையே, குழந்தைகள் தவழ்கிற இடமாயிற்றே என்ற கவலை வளர்ந்து, 2003 முடிவோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் ஆர்சனிக் நின்றுபோனது. இப்போது செம்பையே அதிகமாக ஏற்றுகிறார்கள். ஆனால் கனடாவில் விற்கும் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் போன்ற மரங்களில் மருந்து ஆழமாக இறங்குவதில்லை. அம்மி கொத்தியதுபோல வரிசையாகக் கீறல் போட்டு ஏற்றினாலும் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. வெளியே காவல், உள்ளே மருந்தேறாத மரம். அதாவது, தொல்காப்பியர் கணக்கில் இது புல். இந்தப் புல்லை அளவுக்கு அறுத்த உடனே காவலில்லாத உள்பகுதி திறந்துகொள்கிறது. அதுவும் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் அந்த நுனியில். அறுத்த நுனிக்குத் தடவவென்றே செம்பு கலந்த மருந்து அதே கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும். பெரும்பாலான டெக்குகள் அந்த டப்பாவின் முகத்தையே பார்த்ததில்லை.

இந்த இடத்தில் கடைக்காரர் குறுக்கிடுவார். “இந்தத் தொல்லையே வேண்டாம், காம்பொசிட் போட்டுவிடுங்கள், மக்கவே மக்காது” என்பார். பழைய பிளாஸ்டிக்கையும் மரத்தூளையும் உருக்கிப் பிசைந்து அச்சில் வார்த்த பலகை இது. 1990-களில் பரவலாகச் சந்தைக்கு வந்தது. ஆரம்ப காலப் பலகைகளில் மரத்தூள் வெளியே தெரிந்ததால் அதிலும் பூஞ்சணம் பூத்தது. பிறகு மேலே ஒரு பிளாஸ்டிக் தோல் போர்த்தினார்கள். வெளியே கெட்டி, உள்ளே தூள்: தொல்காப்பியர் மறுபடியும் புல் என்றுதான் எழுதுவார். அதற்காக இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. பனையும் புல்தான், அது இல்லாமல் தமிழில் ஓலைச்சுவடி ஏது? காம்பொசிட் பலகை நல்ல பலகை. சிராய் ஏறாது, சாயம் பூச வேண்டாம். என் ஆட்சேபம் அது எதன் மேல் கிடக்கிறது என்பதைப் பற்றியது. இந்தப் பலகைக்குச் சொந்தமாக நிற்கும் திராணி கிடையாது. 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் தாங்க வேண்டும். சாய்வாகப் போட்டால் இன்னும் நெருக்கமாக. அந்தச் சட்டம் எதனால் ஆனது? பெரும்பாலான வீடுகளில் அதே பச்சை சாயல் மரத்தால்தான். பலகைக்கு 25 வருடம், சிலதுக்கு 50 வருடம் என்று உத்தரவாதச் சீட்டு கொடுக்கிறார்கள், சீட்டு பலகைக்கு. கீழே இருக்கும் சட்டம் அந்தச் சீட்டைப் படித்ததில்லை. அது தன் பாட்டுக்குத் தன் காலத்தில் மக்கும். சாகாவரம் பெற்ற சவாரிக்காரனைக் கிழக்குதிரை மேல் ஏற்றிவிட்ட கதை. பழைய சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே காம்பொசிட் மாட்டச் சொல்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: பைன் பலகையைவிட எடை கூடியதைப் பாதி இற்ற சட்டத்தின் தலையில் ஏற்றுகிறார்கள். ‘பராமரிப்பே வேண்டாம்’ என்ற வாசகத்தையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மகரந்தமும் இலைச்சருகும் படிந்தால் அதன் மேலும் பூஞ்சணம் பூக்கும். வருடம் ஒன்றிரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். கறுப்பு நிறத்தில் வாங்கினால் ஜூலை நண்பகலில் வெறுங்காலோடு நடப்பது, சித்திரை வெயிலில் கோயில் பிரகாரம் சுற்றுவதற்குச் சமம். கோயிலிலாவது தேங்காய்நார் விரிப்பு போட்டிருப்பார்கள்.

பணம் இருப்பவர்களின் ஆட்சேபம் வேறு மாதிரி. “பிளாஸ்டிக்கும் வேண்டாம், பைனும் வேண்டாம், இப்பே போடுகிறோம்” என்பார்கள். தென் அமெரிக்கக் காட்டு மரம். தொல்காப்பியர் எழுந்து நின்று மரம் என்று ஒப்புக்கொள்வார். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். ஆணி அடித்தால் ஆணி வளையும். ஒவ்வொரு திருகாணிக்கும் முன்கூட்டித் துளை போட வேண்டும். நியூயார்க் நகரம் தன் கடற்கரை நடைபாதைகளுக்கு இதை ஏராளமாக வாங்கிப் போட்டது. அமேசான் காட்டை வெட்டி கோனி தீவில் நடைபயில்வதா என்ற எதிர்ப்பு கிளம்பி, வெப்பமண்டல மரத்தைக் குறைப்பதாக 2008-ல் நகர நிர்வாகமே அறிவித்தது. 2024 நவம்பரிலிருந்து இப்பே வகை மரங்கள், அழிவை நெருங்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். மனிதனுக்கு விசா என்றால் மரத்துக்கும் விசா. சட்டப்படி வந்ததை வாங்கிப் போட்டால், மேற்பலகை நம் ஆயுளுக்கு நிற்கலாம். ஆனால் கீழே? பெரும்பாலும் மறுபடியும் அதே பைன். பிரேசில் பலகையைக் கழற்றிவிட்டு அடியில் மக்கின பைனை மாற்றி, மறுபடி பிரேசிலை மாட்டுகிற கூலி, இரண்டு டெக் கட்டும் கூலி.

“யானை வாங்கக் காசிருந்தது, அங்குசம் வாங்கக் காசில்லை” என்று சொல்வார்கள். டெக் கட்டுகிறவர்களுக்கென்றே சொல்லிவைத்ததுபோல் இருக்கிறது. அங்குசங்களின் பட்டியல் சின்னது, விலையும் சின்னது. முதலாவது திருகாணி. ஆர்சனிக் போய்ச் செம்பு ஏறியதன் பக்கவிளைவாக, ஈரமான செம்பு பக்கத்தில் இருக்கும் இரும்பை அரிக்கும். பளபளவென்று மெல்லிய துத்தநாகப் பூச்சோடு வரும் மலிவு ஆணி இந்த மரத்தில் சில வருடத்திலேயே கரையும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததோ, எவர்சில்வரோ வேண்டும். சுவரோரம் தண்ணீரைத் தடுக்கச் சொருகும் மழைத்தகட்டுக்கு அலுமினியமும் ஆகாது, அதையும் செம்பு தின்னும். பழைய ஆணிகளைப் பிடுங்கும் வேலையில் எது தேவையுள்ளது, எது தேவையில்லாதது என்று தரம் பிரிக்கும் கலையை, சினிமாவில் வந்த காண்டிராக்டர் நேசமணி 2001-லேயே தமிழர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டதால் அதற்குள் போகவில்லை. இரண்டாவது, ஒட்டும் நாடா. பியூட்டைல் ரப்பரால் ஆன கறுப்பு நாடாவைச் சட்டத்தின் மேல்விளிம்பு நெடுக ஒட்டிவிட்டு அதன் மேல் பலகையைப் பொருத்தினால், தண்ணீர் சட்டத்தைத் தொடாது. திருகாணி இறங்கும் துளையைச் சுற்றி அந்த ரப்பரே இறுகிக்கொள்ளும். மொத்தச் செலவில் இது ஊறுகாய் அளவு. மூன்றாவது, இடைவெளி, அதாவது காசே இல்லாத பொருள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு ஆணியின் கனத்துக்கு இடம் விட்டால் தண்ணீரும் மேப்பிள் சருகும் கீழே போய்விடும். மருந்து ஏற்றி இன்னும் ஈரம் காயாத பலகையானால் நெருக்கிப் போடலாம், காயும்போது அதுவே சுருங்கி வழி விடும். தூணின் அடியும் காங்கிரீட்டின் மேல் நேராக உட்காரக் கூடாது. ஓர் அங்குலம் உயர்த்திப் பிடிக்கும் இரும்புப் பாதம் கிடைக்கிறது. இந்த அங்குசங்களில் ஒன்றுகூட விருந்தாளி கண்ணில் படாது. அதனால்தான் ஒன்றையும் யாரும் வாங்குவதில்லை என்பது என் சந்தேகம்.

ஒரே ஒரு இடத்தில் சிரிப்பை நிறுத்த வேண்டியிருக்கிறது. டெக்கை வீட்டுச் சுவரோடு பிணைக்கும் பலகைக்கு லெட்ஜர் என்று பெயர். டெக்கின் பாதிப் பாரம் அதில்தான் தொங்குகிறது. சுவருக்கும் அதற்கும் நடுவே மழைத்தகடு சொருகாமல் விட்டால் தண்ணீர் அங்கேயே குடியிருக்கும். லெட்ஜர் மட்டுமல்ல, வீட்டுச் சுவரின் மரமும் சேர்ந்து மக்கும். அதைப் போல்ட் போட்டு முடுக்காமல் வெறும் ஆணியால் அடித்திருப்பது, டெக் விழும் விபத்துகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படும் காரணம். 2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு அடுக்குமாடிப் பால்கனி, பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பதின்மூன்று பேர் நின்றிருந்தபோது உடைந்து விழுந்து, ஆறு பேர் இறந்தார்கள். உள்ளே தாங்கிய மரங்கள் மக்கிப்போயிருந்தன. மேலே தளம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதன் பிறகு 2018-ல் கலிபோர்னியா சட்டம் போட்டது: வாடகைக்கு விடும் அடுக்குமாடிகளின் பால்கனியையும் டெக்கையும் ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும். தனி வீட்டு டெக்குக்கு அப்படிச் சட்டம் இல்லை. அங்கே சோதனை அதிகாரி சித்தப்பாதான்.

“இவ்வளவு வம்பு எதற்கு, காங்கிரீட் கொட்டிவிட்டால் போயிற்று” என்று நம் ஊர்ப் பொறியாளர் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவரை அலட்சியம் செய்ய மாட்டேன். 2012-ல் சாண்டி புயல் நியூயார்க்கின் ராக்கவே கடற்கரையில் மர நடைபாதையைத் தூக்கி எறிந்தபின், நகரம் அதை மறுபடி காங்கிரீட்டில்தான் கட்டி 2017-ல் முடித்தது. கொல்லைக்கதவு தரையோடு தரையாக இருக்கும் வீட்டில் டெக்கே வேண்டாம், கல் பாவுங்கள் என்று நானும் சொல்வேன். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் போடும் மர டெக்குக்குக் கீழே காற்றோட்டம் கிடையாது. அது பூஞ்சைக்கு நாமே கட்டிக்கொடுக்கும் சத்திரம். ஆனால் பல வீடுகளில் கொல்லைக்கதவு நாலடி உயரத்தில் திறக்கிறது. நிலம் சரிவாக இறங்குகிறது. அந்த உயரத்துக்கு மண்ணடித்துக் காங்கிரீட் போட்டால் குளிர்காலத்தில் நிலம் உறைந்து உப்பும், வசந்தத்தில் இளகி அமுங்கும். தளம் பாளம் பாளமாக வெடிக்கும். உறைபனி இறங்காத ஆழத்தில் கடைக்கால் போட வேண்டுமென்றால் டொராண்டோப் பக்கத்தில் நாலடி தோண்ட வேண்டும். டெக்கின் தூணுக்கு நாலைந்து குழி போதும். காங்கிரீட் மேடைக்குச் சுற்றிலும் அகழி.

சிக்கனக்காரர்களின் ஆட்சேபம்தான் மிச்சம். “ஒரே ஒரு பலகைதானே போனது, அதை மட்டும் மாற்றலாமே?” தாராளமாக மாற்றலாம், ஒரு நிபந்தனையோடு. திருப்புளியை எடுத்துக்கொண்டு டெக்குக்கு அடியில் போய், சட்டம் ஒவ்வொன்றின் மேல்விளிம்பையும், லெட்ஜரையும், தூணின் கணுக்காலையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் திருப்புளியைத் திருப்பி அனுப்பும்; இற்றுப்போனது அல்வா மாதிரி உள்ளே விடும். ஒன்றிரண்டு சட்டங்களில் மேலோரம் மட்டும் போயிருந்தால், இற்றதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்திலேயே புதுச் சட்டத்தை இணையாக வைத்து முடுக்கினால் போதும். லெட்ஜர் போயிருந்தாலோ, பாதிச் சட்டங்கள் அல்வாவாக இருந்தாலோ, ஒட்டுப் போடுவது வீண். பெயின்ட் அடிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. கெட்டியாகப் படியும் பெயின்ட் விரிசல் விட்டதும் அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். திரும்பி வெளியே வர வழி இருக்காது. மரத்துக்குள் ஊறிப்போகும் சாயம் எவ்வளவோ மேல். பிறகு, கறிவேப்பிலை. புலம்பெயர்ந்த தமிழர் வீட்டில் குளிர்காலம் முழுக்க வரவேற்பறையில் ராஜ உபசாரம் பெறும் அந்தச் செடி, மே மாதம் வெளியே வந்து டெக்கின் மேல் உட்காரும். தினமும் தண்ணீர். தொட்டியின் அடியில் வட்டமாக ஈரம், செப்டம்பர்வரை. பூஞ்சைக்கு இதைவிடப் பெரிய புரவலர் கிடையாது. தொட்டிக்கு அடியில் நாலு சில்லுக் கல் வைத்துத் தூக்கிவிடுங்கள், செடிக்கும் நல்லது.

எத்தனை செய்தாலும் கடைசியில் மக்கத்தானே போகிறது என்றால், ஆமாம். ஜப்பானியர்கள் இசே கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை புது மரத்தில் திரும்பக் கட்டுகிறார்கள். 2013-ல் நடந்தது 62-ஆவது முறை. தெய்வத்தின் வீடே இருபது வருடத்தில் மாறும்போது, பார்பெக்யூ அடுப்பு வைக்கும் மேடைக்கு 50 வருட உத்தரவாதம் கேட்பதில் ஒரு அகம்பாவம் இருக்கிறது. ஆகவே என் தீர்ப்பு: கையில் இருக்கும் பணத்தை முதலில் கீழே செலவழியுங்கள். மண்ணைத் தொடும் இடத்துக்கென்று கூடுதலாக மருந்து ஏற்றிய சட்டம், போல்ட் போட்ட லெட்ஜர், மழைத்தகடு, கறுப்பு நாடா, துருப்பிடிக்காத திருகாணி, அந்தச் சின்ன டப்பா மருந்து. இதெல்லாம் போக மிச்சம் கொஞ்சமாக இருந்தால் மேலே சாதாரண பைன் பலகை. பதினைந்து வருடம் கழித்துப் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சட்டம் அப்படியே நிற்கும். மிச்சம் நிறைய இருந்தால் காம்பொசிட், வெளிர் நிறத்தில். நிறத்தைப் பற்றிய மூன்று வார விவாதத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் விண்ணப்பமாக. 2004-க்கு முன் கட்டிய டெக்கானால், பிரித்துப் போட்ட பச்சை மரம் பெரும்பாலும் காமேசத்தின் ஆர்சனிக் குடித்த மரமாகத்தான் இருக்கும். பழையன கழிவதற்கு நம்மிடம் போகி என்று ஒரு நாள் இருப்பதும், அது சரியாக ஜனவரிக் குளிரில் வருவதும், கொல்லையில் காய்ந்த விறகு குவிந்து கிடப்பதும் ஒன்றாகச் சேரும்போது கை சும்மா இருக்காது. கொளுத்திவிடாதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் அப்படியே இருக்கும். அந்தச் சாம்பல் ஒரு கைப்பிடி தோட்டத்தில் விழுந்தாலும் கேடு. நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, மருந்தேற்றிய மரம் என்று சொல்லி, அங்கேயே கொண்டுபோய் ஒப்படையுங்கள். போகிக்கு ஒரு பழைய பாய் போதும்.